பறக்கும் புள்ளும் எளிய கருவியும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஒளிப்படக் கலையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சிலம்பைப் பற்றியோ சீறாவைப் பற்றியோ எழுதுவதன்றோ தமிழாசிரியர் கடன் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: சங்கப் பாடல்களில் அன்றில், மகன்றில், எழால், குருகு, கம்புள், கணந்துள் என்னும் பெயர்கள் வரும் இடங்களில் 'ஒருவகைப் பறவை' என்று பொருள் கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடும் வழக்கம் நம் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. உரையாசிரியர்களும் பல இடங்களில் அவ்வாறே சென்றனர். அகராதிகளும் அவ்வாறே செல்கின்றன. பி.எல். சாமி அவர்கள் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலால் இக்குறையை நீக்கப் பெரிதும் முயன்றார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்குப் புலமை மட்டும் போதாது; குளக்கரைக்குச் சென்று பறவையைக் காணும் கண்ணும் வேண்டும். அந்தக் கண்ணுக்குத் துணையாவது கேமரா.

அண்மைக்காலமாக நம் மாணவர்கள் கேமராவும் கைப்பேசியுமாகக் குளக்கரைகளுக்குச் செல்லத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவர்களிடையே இரண்டு கருத்துகள் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள லென்சு இல்லாமல் பறக்கும் பறவையைப் படம் எடுக்க இயலாது என்பது ஒன்று. உட்கார்ந்திருக்கும் பறவை நாம் விரும்பும் நேரத்தில் பறக்காது, ஆகவே கையைத் தட்டியோ கல்லை எறிந்தோ நாம்தாம் அதனைப் பறக்கச் செய்யவேண்டும் என்பது மற்றொன்று. முன்னது ஏழை மாணவனைக் குளக்கரையிலிருந்து விலக்குகிறது. பின்னது பறவையையே குளத்திலிருந்து விலக்குகிறது. இரண்டும் வெவ்வேறு தவறுகள் போலத் தோன்றினும், பறவையின் இயல்பை அறியாமையே இரண்டுக்கும் தாய் என்பது நம் துணிபு. பறவை எப்போது எழும், எத்திசையில் செல்லும், எங்கே இறங்கும் என்பதை அறிந்தவனுக்குப் பெரிய லென்சும் வேண்டுவதில்லை, கல்லும் வேண்டுவதில்லை.

ஒளியியல் வரலாற்றைத் தொடுவோர் இப்னுல் ஹைஸமிலிருந்து தொடங்குவது மரபு. நம்மவர் மலர்களில் அதுபற்றிப் பலமுறை எழுதப்பட்டுள்ளமையால் ஈண்டு விரிக்கவில்லை. பறக்கும் பறவையைப் படத்தில் நிறுத்திய கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவை அமைத்தார். தோளில் சாய்த்து, பறவையைக் குறிபார்த்து, விசையை இழுத்தால், நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் சுழலும் தட்டில் பதியும். இத்தாலியின் நேப்பிள்சு கடற்கரையில் அவர் இக்கருவியோடு பறவைகளைத் தொடர்ந்து குறிபார்த்துக்கொண்டே இருந்ததையும், ஒருமுறைகூட வெடியோசை எழாததையும், வெறுங்கையுடன் மகிழ்ச்சியாக வீடு திரும்பியதையும் கண்ட ஊரார் அவரைப் பித்தர் எனக் கருதினர் என்று கூறுவர். அந்தப் பித்தம் நம் மாணவர்களுக்கும் பிடிக்கவேண்டும் என்பது நம் விருப்பம்.

செருமனியைச் சார்ந்த ஒட்டோமார் அன்சூட்சு 1884-இல் செங்கால் நாரைகள் கூட்டில் இறங்குவதையும் எழுவதையும் படமாக்கினார். அப்படங்கள் ஒட்டோ லிலியந்தாலுக்கு ஊக்கம் தந்தன. லிலியந்தால் நாரையின் பறத்தலை ஆராய்ந்து 1889-இல் நூல் எழுதினார். பின்னர்த் தாமே சிறகு கட்டிக் குன்றிலிருந்து மிதந்து பறந்தார். 1896-இல் அவ்வாறு பறக்கையில் வீழ்ந்து மாண்டார். செங்கால் நாரை நமக்கும் அயலன்று. குளிர்காலத்தில் தென்னகம் வந்து மீளும் பறவை அது. வறுமையால் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரித்துறையில் ஆடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத் தூது விடுகிறார். அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறுகிறார். அலகின் நிறமும், கால்களின் நிறமும், அது திரும்பிச் செல்லும் திசையும் ஒருங்கே அப்பாடலில் அமைந்துள்ளன. புலவரிடம் கருவி ஏதும் இல்லை. அன்சூட்சிடம் இருந்த கருவியோ, இன்று நம் மாணவன் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசிக்கு வேகத்திலும் ஒளியுணர்விலும் பலமடங்கு கீழானது.

நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரையும் குறிப்பிடவேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காட்டுயிர் எழுத்தின் முன்னோடி. 1950 முதல் தம் இறுதிநாள் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதியவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் அவர் மறைவுக்குப்பின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக வெளிவந்தன. அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருடைய கருவியோ, ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் மற்றொரு நிறுவனத்தின் தொலைவு லென்சையும் தாமே செய்துகொண்ட துண்டு துணுக்குகளால் பொருத்திய கலவை. அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். அக்கருவியை இன்று நம் மாணவனிடம் கொடுத்தால் அவன் வாங்க மறுப்பான் என்பதில் ஐயமில்லை.

இனிக் கருவியைப் பற்றிய அச்சத்தைக் கணக்கின் வழியே நீக்குவோம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 எனவும் லென்சின் துளை எஃப்/16 எனவும் வைத்தால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்துக் கலைஞர்கள் மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடு. எளிய 300 மி.மீ. லென்சு ஒன்று அதன் முழு நீட்டத்தில் எஃப்/5.6 அளவுக்குத் திறக்கும். அஃதாவது, எஃப்/16-ஐவிட மூன்று படிகள் மிகுதியாக ஒளியை விடும். ஒவ்வொரு படியிலும் ஒளி இரட்டிப்பதால் 1/100 என்பது 1/200, 1/400, 1/800 என உயரும். ஐ.எஸ்.ஓ.வை 200 ஆக்கினால் 1/1600 நொடி கிட்டும். நாரை, கூழைக்கடா முதலிய பெரும்பறவைகளின் சிறகை நிறுத்த 1/1000 நொடியே பெரும்பாலும் போதும். வெயில் சாய்ந்த காலையிலும் மாலையிலும் ஐ.எஸ்.ஓ.வை 400 அல்லது 800 எனக் கூட்டிக்கொண்டால் அதே வேகம் கிடைத்துவிடும். விலைமிக்க லென்சு நமக்கு வாங்கித் தருவது மங்கிய ஒளியிலும் படம் எடுக்கும் வாய்ப்பையும், இன்னும் சற்றுத் தொலைவையுமே. திறந்தவெளிக் குளத்தில் வெயிலுக்கு நாம் விலை கொடுப்பதில்லை. பழைய கேமராக்கள் விற்கும் கடைகளில் கைமாறி வரும் பத்தாண்டுப் பழமையான டிஜிட்டல் கேமராவும் 55–250 அல்லது 70–300 மி.மீ. லென்சும் இதற்குப் போதுமானவை. நான்கு மாணவர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் குறையில்லை. ஒருவர் படம் எடுக்கும்போது மற்ற மூவர் பறவையைப் பார்க்கலாம். பார்ப்பவர்களே மிகுதியாகக் கற்பார்கள் என்பது நம் எண்ணம்.

கைப்பேசி மட்டும் உடையவர் என் செய்வது? தனித்துப் பறக்கும் சிறுகுருவியை அதனால் எடுக்க முயல்வது வீண். ஆயின், அந்திவானில் வரிசையாகக் கூடு திரும்பும் கொக்குகளை நிழலுருவாக எடுக்கவும், உழவு வயலில் டிராக்டரின் பின்னே எழுந்தும் அமர்ந்தும் தொடரும் உண்ணிக்கொக்குகளை எடுக்கவும் அது போதும். நொடிக்கு 120 அல்லது 240 சட்டங்கள் பதியும் மெதுவோட்ட வசதி பல கைப்பேசிகளில் உண்டு. மாடப்புறா எழும் காட்சியை அதில் பதிந்து ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்ப்பவன், மாரே 1882-இல் கண்டதைத் தன் கையில் காண்பான்.

கருவி பற்றி இவ்வளவு போதும். பறவையின் பறத்தலை ஆள்பவை காற்றும் வெயிலும். பறவை எழுவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே. விமானத்துக்கும் இதுவே முறை. எதிர்க்காற்று சிறகைத் தாங்கிக்கொள்கிறது. எனவே காற்று நம் முதுகில் படுமாறு நின்றால், இறங்க வரும் பறவை நம்மை நோக்கியே வரும். வெயிலும் நம் முதுகில் படுமாயின் பறவையின் முகமும் அடிச்சிறகும் ஒளிபெறும். இவ்விரண்டும் ஒரே பக்கம் சேரும் இடத்தையும் வேளையையும் கண்டறிவதே இக்கலையின் பெரும்பகுதி.

நெல்லை மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டும். வரித்தலை வாத்துகள் இமயத்துக்கு அப்பாலிருந்து குளிர்காலத்தில் வந்து சேரும். வடகிழக்குக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் காலைவேளையில் கீழ்க்கரையில் நின்று மேற்கு நோக்கினால், காற்றும் வெயிலும் முதுகுப்பக்கம் அமையும். நீரில் இறங்கும் பறவை எதிரே வரும். வைகாசி, ஆனி மாதங்களில் மேல்காற்று வலுத்தபின், மாலைவேளையில் மேல்கரையே ஏற்ற இடம். பருவம் மாறக் கரையும் மாறவேண்டும். இதனை எந்தக் கேமராக் கையேடும் நமக்குக் கூறாது. கூந்தன்குளத்துக் கையேடு கூந்தன்குளத்துக் காற்றுதான்.

பறவை எழப்போவதற்கும் குறிப்புகள் உண்டு. கிளையில் அமர்ந்திருக்கும் நாரை காற்றுப்பக்கம் திரும்பி, உடலைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்தை நீட்டினால், அடுத்த சில நொடிகளில் எழும் என எதிர்பார்க்கலாம். பல பறவைகள் எழுமுன் எச்சமிடுவதும் உண்டு. நகைப்புக்கு இடமான குறிப்பாயினும் பயன் மிக்கது. கூழைக்கடாவோ பெருத்த உடலை நீரிலிருந்து ஒரே வீச்சில் தூக்கமாட்டாது. இரு கால்களாலும் நீரை உதைத்து ஓடிய பின்னரே எழும். அந்த ஓட்டம் தொடங்கியதும் கேமராவை உயர்த்துவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே மீளும். ஆகையால் பறவையைத் துரத்தாமல் அது விட்டுச்சென்ற கம்பியையோ கொம்பையோ குவியப்படுத்திக்கொண்டு காத்திருக்கலாம். கொக்குகள் மாலையில் அடையும் மரத்துக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வழியில் செல்கின்றன. மூன்று நாள்கள் வெறுங்கையுடன் சென்று அவ்வழியைக் கண்டுகொண்டவனுக்கு நான்காம் நாள் 300 மி.மீ. லென்சே நெடிதாகத் தோன்றும்.

குவியத்தைத் தொடர்நிலையில் வைத்தல், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுதல், பறவை தொலைவில் வரும்போதே அதனைச் சட்டத்துக்குள் கொணர்ந்து உடன் திரும்புதல் ஆகியவை பழக்கத்தால் வருபவை. ஒன்றை மட்டும் அழுத்திக் கூறவேண்டும். ஒளிமிக்க வானத்தின் எதிரே பறக்கும் பருந்தைக் கேமராவின் கணக்குக்கு விட்டுவிட்டால் கரிய நிழலாகவே பதியும். ஒளியளவை ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டவேண்டும். இருண்ட மரங்களின் முன்னே பறக்கும் வெண்கொக்குக்கு அதனையே குறைக்கவேண்டும். பருந்தைப் பழகத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. கடற்கரை ஊர்களில் மீன் ஏலம் விடும் இடத்தில் செம்பருந்தும் கரும்பருந்தும் தலைக்குமேல் தாழப் பறக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் தெருக்களின்மேல் அவை வட்டமிடுவதை நம் பிள்ளைகள் சிறுவயது முதலே கண்டு வருகின்றனர். கண்டும் அவற்றின் வால் பிளவுபட்டதா வட்டமானதா என்று கேட்டால் விழிக்கின்றனர். கரும்பருந்தின் வால் பிளவுபட்டது. செம்பருந்தின் வால் வட்டமானது.

இவ்விடத்தில் நம் துறைக்குரிய பயனைக் கூறுவோம். பறவை அமர்ந்திருக்கையில் காட்டாத தன் அடையாளத்தைப் பறக்கும்போது காட்டுகிறது. வரப்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையான் சிறகு விரித்த கணத்தில் வெள்ளைப் பறவையாகிவிடுகிறது. மின்கம்பியில் மங்கலாக அமர்ந்திருக்கும் பனங்காடை பறக்கையில் நீலமாய் ஒளிர்கிறது. கொக்கினத்துப் பறவைகள் பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளோடு சேர்த்துக்கொள்கின்றன. நாரையினத்துப் பறவைகள் கழுத்தை நேரே நீட்டிச் செல்கின்றன. உயிரியலார் இவ்விரு குடும்பங்களையும் தொலைவிலிருந்தே பிரித்தறிவது இதனால்தான். ஆயின், தமிழில் 'சாம்பல் நாரை' என வழங்கும் பறவை கழுத்தை மடித்தே பறக்கிறது! அப்படியாயின் 'நாரை' என்னும் சொல் உயிரியலார் கூறும் குடும்பத்தைக் குறிப்பதன்று. உருவத்தின் பெருமையையோ வேறு இயல்பையோ பற்றி எழுந்த பெயராதல் வேண்டும். 'குருகு' என்னும் சொல்லோ இன்னும் பரந்து விரிந்து கிடக்கிறது. இத்தகைய வினாக்களுக்கு உரைநூல்களைப் புரட்டுவதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. சிறகும் கழுத்தும் காலும் தெளிவாகத் தெரியும் ஒரு பறத்தல் படத்தை வைத்துக்கொண்டு, வயலில் நிற்கும் உழவரிடமும் வலை உலர்த்தும் மீனவரிடமும் 'இதற்கு உங்கள் பக்கம் என்ன பெயர்?' என்று கேட்கும் மாணவன், அகராதிக்கு ஒரு சொல்லைக் கொண்டுவருவான். நூலில் அச்சிட்ட ஓவியத்தைக் காட்டிக் கேட்பதைவிட அந்த ஊர்க் குளத்திலேயே எடுத்த படத்தைக் காட்டிக் கேட்பதால் விடை விரைந்து வரும். படம் மங்கலாக இருப்பினும் கேடில்லை. கழுத்து மடிந்திருக்கிறதா நீண்டிருக்கிறதா என்பது தெரிந்தால் போதும்.

இனி, கல்லெறியும் வழக்கத்துக்கு வருவோம். இதுபற்றி எழுதவே இக்கட்டுரையை எடுத்தோம் எனினும் பொருந்தும். குளத்தில் அமர்ந்த கூட்டம் முழுதும் ஒருசேர எழும் காட்சி கண்ணைக் கவர்வது உண்மை. ஒளிப்படப் போட்டிகளில் பரிசு பெறுபவையும் பெரும்பாலும் இத்தகைய படங்களே. ஆனால் பறவைக் கூட்டம் தானாக அவ்வாறு எழுவது, பருந்தோ வல்லூறோ மேலே தோன்றும்போது நிகழ்வது; நாள் முழுதும் காத்திருந்தாலும் வாய்க்காமற் போகலாம். காத்திருக்க விரும்பாதவர் கையைத் தட்டுகின்றனர், கல்லை எறிகின்றனர், சிலர் வெடியும் வெடிக்கின்றனர், ஆளில்லா விமானத்தைக் கூட்டத்தின்மேல் ஓட்டுவதும் இப்போது சேர்ந்துகொண்டது. படத்தை உற்றுநோக்கினால் சூழ்ச்சி பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பறவைகள் அனைத்தும் கேமராவுக்கு முதுகைக் காட்டிச் சென்றுகொண்டிருக்கும். அஞ்சி ஓடுபவன் முகத்தைக் காட்டி ஓடுவானோ?

'ஒருமுறை கைதட்டினால் பறவைக்கு என்ன ஆகிவிடும்? சுற்றிவந்து மறுபடியும் உட்காரத்தானே போகிறது' என்று மாணவர்கள் கேட்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்து ஆளுக்கு ஒருமுறை தட்டினால் பறவைக்கு அது நாற்பது முறை. மஞ்சள்மூக்கு நாரை, குஞ்சுகள்மேல் வெயில் படாதவாறு சிறகை விரித்துக் குடையாக நிற்கும் இயல்புடையது. நம் கோடையில் அக்குடை சிறிதுநேரம் விலகினாலும் இறகு முளைக்காத குஞ்சு வாடும்; காக்கையும் பருந்தும் அந்த இடைவெளியைப் பார்த்திருக்கும். வரித்தலை வாத்து திரும்பும் வழியில் இமயத்தைக் கடக்கவேண்டும். 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை பறப்பதைக் கருவி பொருத்தி ஆராய்ந்து கண்டுள்ளனர். அப்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்க்கவேண்டும். மேயவிடாமல் எழுப்புவது, பயணியின் கட்டுச்சோற்றைப் பறிப்பதற்கு ஒப்பாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதையும் தடுக்கிறது. கேமரா வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு ஏதும் இல்லை.

தீனி இட்டு வரவழைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கின்றனர். இதில் நாம் அத்துணைக் கடுமை காட்டவில்லை. மீன் சந்தையில் இயல்பாகச் சேரும் பருந்துகளைப் படம் எடுப்பதில் குற்றமில்லை. படத்துக்கென்றே கோழித்தோலை வாரி இறைத்துச் சாலையோரத்தில் அவற்றைப் பழக்குவது மட்டும் விலக்கத்தக்கது.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதினும் ஊர்களைக் காட்டிக் கேட்பதே தக்கது. கூந்தன்குளத்து மக்கள் தம் முற்றத்து மரங்களில் எச்சமும் நாற்றமும் பொறுத்துக்கொண்டு பறவைகளை வாழவிடுகின்றனர். பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடவருவோரைத் தடுக்க அரசின் துணையை நாடி, 1798-இல் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேசிடம் உரிமைச் சீட்டே பெற்றனர். ஆண்டுக்கொருமுறை வரும் பண்டிகையின் மகிழ்ச்சியைச் சிறுபிள்ளைகள் விட்டுக்கொடுத்திருக்கும் ஊரில், நகரத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் வந்து படத்துக்காகக் கல்லை எடுக்கிறார் என்றால், படிப்பு யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வி எழாதா?

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர்க்கு ஒரு செய்தி. தமிழில் 'படம் பிடித்தல்' என்கிறோம். 'படம் எடுத்தல்' என்றும் கூறுகிறோம். பின்னது பாம்புக்கும் உரியது, அதனை விட்டுவிடுவோம். 'பிடித்தல்' வேட்டுவர் சொல். பொறியில் பிடித்த பறவை கைக்கு வரும். படத்தில் பிடித்த பறவை தன் போக்கில் போய்விடும். இவ்வேறுபாட்டை மறந்தவரே கேமராவைக் கையில் வைத்துக்கொண்டும் வேடராகவே நடந்துகொள்கின்றனர்.

பெரியோர் சிலர், 'பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் குருவி பார்த்துத் திரிகின்றனர்' என்று வருந்துவதை நாம் அறிவோம். அவர்கள் பெரிதும் மதிக்கும் டாக்டர் சலீம் அலி (1896–1987), பம்பாயில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டை மஞ்சளாக இருப்பதைக் கண்டு, அஃது எவ்வினம் என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே மில்லார்டு என்னும் செயலாளர் அச்சிறுவனை அமரவைத்துப் பறவைகளைக் காட்டினார். பிற்காலத்தில் நம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பணி அவர் முன்முயற்சியால் நடைபெற்றது. அவர் பெயரை விழா மேடைகளில் ஆண்டுதோறும் கூறுகிறோம். அவர் செய்ததைச் செய்யும் பிள்ளையைக் கண்டால் 'வேலையற்றவன்' என்கிறோம். ஒரு பிள்ளை 'இஃது எவ்வினம்?' என்று கேட்டு வரும்போது, அமரவைத்து விடை கூறும் மில்லார்டாக இருப்பதே பெரியோர்க்கும் ஆசிரியர்க்கும் அழகு.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. அதில் பங்கேற்கக் கட்டணம் ஏதுமில்லை; ஊர்க்குளமும் கால்மணி நேரமும் போதும். ஐயத்துக்குரிய பறவைக்கு மங்கலான பறத்தல் படம் ஒன்று இருந்தாலும் அது சான்றாகிவிடும். நம் மாணவர்கள் ஆளுக்கொரு குளத்தை ஏற்றுக்கொண்டு ஆண்டு முழுதும் சென்றுவந்தால், மூன்றாண்டுகளில் ஒரு வட்டாரப் பறவைப்பெயர்த் தொகுதியே உருவாகிவிடும். ஆய்வேட்டுக்குத் தலைப்பின்றி அலைவோர் இதனைக் கருதலாம்.

அடுத்த ஆண்டு விழாவில் நம் துறை ஒளிப்படக் கண்காட்சி வைக்குமாயின், அதற்கு நாம் முன்மொழியும் விதிமுறை இது. எந்தக் கேமரா, என்ன லென்சு என்று யாரும் எழுதவேண்டா. ஒவ்வொரு படத்தின்கீழும் மூன்று வரிகள் இருக்கவேண்டும். முதல் வரியில் குளத்தின் பெயரும் நாளும் வேளையும். இரண்டாம் வரியில் அப்பறவைக்கு அவ்வூரார் வழங்கும் பெயரும், அப்பெயரைக் கூறியவர் உழவரா, மீனவரா, வீட்டுப் பாட்டியா என்னும் குறிப்பும். மூன்றாம் வரியில் அப்பறவை ஏன் பறந்தது என்பது: இரை தேடியா, கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவரவா, பருந்தைக் கண்டு அஞ்சியா, மாலையில் அடையவா. மூன்றாம் வரி வெறுமையாக விடப்பட்ட படத்தைச் சுவரில் மாட்டாமல் எடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.